மூலம் என்று நினைத்த எட்டு மாதம்

மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது எனக்கு வயது 46. எங்கள் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான், மூலம். ஹார்டுவேர் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்தே கணக்கு எழுதுகிற ஆள், காரம் வேறு தூக்கலாகச் சாப்பிடுவேன், அப்புறம் வேறென்ன வரும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர். 'மூலம், பௌத்திரம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்த ஒரு கிளினிக்குக்கும் போனேன். அங்கே படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை, நான் சொல்லச் சொல்ல மாத்திரை எழுதிவிட்டார்கள்.

எடை ஆறு கிலோ இறங்கி, போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷமே திரும்பப் போகணும் போல முட்ட ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போய் ஒரு குடல் டாக்டரைப் பார்த்தேன். கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தார், அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. "மூலம் இல்லைங்க, உள்ளே கட்டி தட்டுப்படுது, கொலனோஸ்கோப்பி பண்ணிப் பார்த்திடலாம்" என்றார். கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பதுதான் அது. ஆசனவாயிலிருந்து 5 செ.மீ. மேலேதான் இருந்தது. அரை நிமிஷத்தில் தெரிகிற விஷயத்துக்கு எட்டு மாதம் கீரை தின்றிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதில் பாதி என் மேலேயே.

கட்டியில் கிள்ளி எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்று ஃபோனில் தேடிப் படித்தேன், ஒரு வகைக் கேன்சர் என்று போட்டிருந்தது, டீ ஏடு கட்டிவிட்டது. வீட்டில் யாரும் 'கேன்சர்' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது 'வயித்துக் கட்டி', மனைவிக்கு 'அந்தப் பிரச்சினை'. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு மூலிகையும் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாவது படிக்கிற மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது, "கேன்சர் எந்த ஸ்டேஜ்ப்பா?" என்று நேரடியாகக் கேட்டாள். மூணு என்றேன். "நாலு இல்லைல்ல" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வருமானச் சான்றிதழுக்கு அலைந்த கதையை விடுங்கள்.

முதலில் 25 நாள் கதிர்வீச்சு, சனி ஞாயிறு கிடையாது, கூடவே கேபசிடபின் என்கிற கீமோ மாத்திரை. தினமும் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிரம்பின பிறகுதான் மெஷினில் படுக்க வைப்பார்கள். வெளியே பெஞ்சில் ஆண்கள் எல்லாரும் காலைக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், யாரை முதலில் கூப்பிடுவார்கள் என்று ஒரே தவிப்பு. சிரிப்பும் வரும், ஆனால் சிரித்தால் ஆபத்து.

கட்டியை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் வலப்பக்கம், மலம் வந்து சேர ஒரு பை. தற்காலிகம்தான் என்று சொல்லியிருந்தாலும் முதல் நாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது, செக்கச்செவேல் என்று ஈரமாகக் குடல் வெளியே துருத்திக்கொண்டிருந்ததைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நர்ஸம்மா என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார்: வெளியே இருக்கிற குடலை அளந்து அந்த அளவுக்குப் பையின் ஒட்டுகிற பக்கத்தில் ஓட்டை வெட்டணும், தோலை நன்றாகத் துடைத்துக் காய வைத்து ஒட்டணும், பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே காலி பண்ணிடணும், இல்லாவிட்டால் கனம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தக்காளித் தோல் போட்டது போட்டபடி பையில் வந்து விழும். மூன்றாவது வாரத்திலிருந்து நானே மாற்றிக்கொண்டேன்.

அப்புறம் கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் என்கிற மருந்தை ஏற்றிய அன்று ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி விரல் சுரீரென்னும், பச்சைத்தண்ணி தொண்டையில் முள்ளாகக் குத்தும். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அது முடிந்த பிறகு பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்தார்கள்.

போன வாரம் ஒரு வருஷ கொலனோஸ்கோப்பி. குடலைக் கழுவ இரண்டு லிட்டர் பவுடர் தண்ணி குடிக்கணும், உப்பும் இனிப்புமாக ஒரு வழவழப்பு. மகள் எலுமிச்சம்பழம் பிழிந்து தந்தாள். அப்போதும் சகிக்கவில்லை.