தவழும் பிள்ளைக்கு ஒரு ஷட்டர், ஓடும் பிள்ளைக்கு ஒரு ஷட்டர்

குழந்தையைப் படமெடுக்க எந்த கேமரா நல்லது என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைக்கு என்ன வயது? பிறந்து பத்து நாளான சிசு போட்ட இடத்தில் தூங்கும். எட்டு மாதப் பிள்ளை உட்காரவைத்த இடத்தில் அரை நிமிடம் இருக்காது. மூன்று வயதுப் பிள்ளை கேமராவை நோக்கியே ஓடி வரும். ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்காக வெளிச்சம் கேமராவுக்குள் விழும் நேரம்; 1/500 என்றால் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு), நீங்கள் நிற்கும் தூரம், எடுக்கும் நேரம் மூன்றையும் அந்த வயதுதான் தீர்மானிக்கிறது. கையில் இருப்பது கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸா, போனா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

சிசுவிலிருந்து ஆரம்பிப்போம். முதல் இரண்டு வாரம் குழந்தை அதிகம் தூங்கும், கைகாலை மடக்கிச் சுருண்டு படுக்கும். பால் குடித்து, ஏப்பம் விட்டு, நன்றாக அயர்ந்த பிறகு கேமராவை எடுங்கள். முஷ்டி தளர்ந்து விரல்கள் விரிந்திருந்தால் அயர்ந்துவிட்டது என்று பொருள். துணி இல்லாமல் படுக்கவைப்பதாக இருந்தால் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். ஆனால் சித்திரை வெயிலில் அறையை மூடிவைத்தால் குழந்தைக்கு வேர்க்கும், தோல் திட்டுத்திட்டாகச் சிவக்கும். அப்போது பத்து நிமிடத்தில் முடித்துவிடுவது நல்லது.

வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் போதும். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, தலை ஜன்னல் பக்கம் வரும்படி சற்றுச் சாய்வாகக் குழந்தையைப் படுக்கவையுங்கள். வெளிச்சம் நெற்றியில் விழுந்து, மூக்கைத் தாண்டி, கன்னத்தில் மெதுவாகத் தேய வேண்டும். கால் பக்கமிருந்து வந்தால் மோவாயும் மூக்குத் துவாரமும் பளிச்சிட்டு, கண்கள் இருண்டு, இருட்டில் கீழேயிருந்து டார்ச் அடித்த முகம் போலாகிவிடும். வீட்டில் எடுக்கும் சிசுப் படங்களில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தாலே சரியாகிவிடும். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டுங்கள். மடித்துக் கட்டினால் பாதி வெளிச்சம் போய்விடும். எதிர்ப்பக்கம் இரண்டடி தள்ளி ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கமும் நிரம்பும்.

நம் வீடுகளில் பலர் கவனிக்காத சிக்கல் சுவரின் நிறம். பச்சை, ரோஸ், வாடாமல்லி என்று அடித்த சுவர், ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் தன் நிறத்தோடு குழந்தையின் கன்னத்தில் கொட்டும். ஒரு கன்னம் இயல்பாக, மறு கன்னம் பச்சையாக இருக்கும். கேமராவில் படத்தின் மொத்த நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பச்சையைக் குறைத்தால் நன்றாக இருந்த கன்னம் ரோஸாகிவிடும். அந்தச் சுவரில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுவிட்டு எடுங்கள். இதே காரணத்துக்காக, பகலில் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் எந்த அமைப்பும் பொருந்தாது.

இரவில் டியூப்லைட்டை மட்டும் நம்பி எடுப்பதானால் வேறொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500-ல் எடுத்த படத்தில் குறுக்குப் பட்டைகளாகத் தெரியும். ஷட்டரை 1/100-ல் வையுங்கள், பட்டை போய்விடும். அந்த வேகத்தில் ஆடும் பிள்ளை மசங்கும் என்பதால் தூங்கும்போதோ, மடியில் அமைதியாக இருக்கும்போதோதான் எடுக்க முடியும்.

இணையத்தில் உலவும் ‘தவளை’ போஸ், அதாவது சிசு தன் இரு கைகளில் மோவாயைத் தாங்கி நிமிர்ந்திருக்கும் படம், ஒரே கிளிக்கில் எடுத்தது இல்லை. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், கையைப் பிடித்திருக்க இன்னொரு படம் என்று எடுத்து, பிறகு கணினியில் ஒட்டி, பிடித்திருந்த விரல்களை அழிப்பார்கள். சிசுவின் கழுத்து தலையைத் தாங்காது. வீட்டில் தயவுசெய்து இதை முயல வேண்டாம். கூடையோ தூளியோ, எதில் வைத்தாலும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேலிருந்து குனிந்து எடுக்கிறீர்களானால் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவுடன் எல்லோரும் 1.8-லேயே எடுக்கிறார்கள். எஃப் எண் லென்ஸின் துவாரத்தைக் குறிப்பது; எண் சிறிதானால் துவாரம் பெரிது. சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆரில் ஒரு மீட்டர் தூரத்தில் அந்த அமைப்பில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஒரு கண் தெளிவாக, மறு கண் மசங்கலாக வருவது அதனால்தான். எஃப் 4-க்கு வந்தால் அது 6 சென்டிமீட்டர் ஆகும். இரண்டு கண்ணும் உள்ளே வந்துவிடும். பின்னணி மசங்க வேண்டுமென்றால் குழந்தையைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் கொண்டுவாருங்கள். சுவரை ஒட்டி உட்காரவைத்தால் எந்த லென்ஸ் போட்டாலும் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டு தெரியத்தான் செய்யும்.

குப்புற விழுந்து தலை தூக்கும் மூன்று நான்கு மாதத்திலிருந்து தவழும் வரை நீங்களும் தரையில் படுத்துவிடுவது உத்தமம். லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பெரிய தலையும் குட்டைக் காலும்தான் வரும். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தேவைப்பட்டால் 1600 வரை போகட்டும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் தெளிவாக இருக்கும் படத்தைப் பிரிண்ட் போடலாம். ஆட்டத்தில் மசங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்தவுடன் எடுக்காதீர்கள். நெற்றி முழுக்க வெள்ளைத் திட்டாக மினுங்கும்.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தனியாகவே தயாராக வேண்டும். மொட்டைக்கு முந்தைய நாள் மாலையே, முடியோடு முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பின்மண்டைச் சுருளைப் பலர் எடுக்க மறந்துவிடுகிறார்கள், அது இனி கிடைக்காது. மொட்டை போட்டவுடன் தலை முகத்தைவிட வெளிறி, ஈரத்தோடு மினுங்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் தலை வெந்துபோய் வெள்ளையாகிவிடும். சந்தனம் தடவி, அது காய்ந்த பிறகு எடுத்துப் பாருங்கள். மினுக்கம் அடங்கி, மஞ்சள் தலையும் முகமும் ஒன்றோடொன்று பொருந்தி வரும். காதுகுத்தில் எந்தக் காது முதலில் என்று ஆசாரியிடம் முன்பே கேட்டுவைத்து, அவர் கை மறைக்காத பக்கம் உட்காருங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்த நொடியிலிருந்து எடுக்க ஆரம்பியுங்கள். ஊசி பட்ட பின் வரும் அழுகையை ஒன்றிரண்டு எடுத்தால் போதும். அதற்கு முன் கையிலிருக்கும் வெல்லத்தில் ஆழ்ந்திருக்கும் முகமும், மாமனின் இறுகிய கையும், தாயின் பார்வையும்தான் பின்னாளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும். மண்டபத்தில் 1/250, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை என்று தொடங்கலாம். ஃபிளாஷ் வேண்டுமானால் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புங்கள். ஓட்டுக் கூரையிலும் வண்ணக் கூரையிலும் இது பலிக்காது.

ஒன்றிலிருந்து மூன்று வயது. எடுக்கச் சிரமமான பருவம், எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். புது ஆளைக் கண்டால் அழும், சொன்னால் கேட்காது. “இங்க பாரு, சிரி” என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து கை தட்டினால் பிள்ளை யாரையும் பார்க்காது. ஒருவர் மட்டும், லென்ஸுக்கு நேர் பின்னால் நின்று கூப்பிடட்டும். அதைவிட நல்லது, ஒரு வேலையைக் கொடுப்பது: ஒரு சொம்பும் டம்ளரும் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், சாவிக்கொத்தைக் கையில் கொடுங்கள். மும்முரமான முகம் கிடைக்கும். கேமராவை, நகரும் பிள்ளையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கும், அழுத்திப் பிடித்தால் அடுத்தடுத்து எடுக்கும் பர்ஸ்டுக்கும் மாற்றுங்கள், கண்ணைத் தேடும் வசதி இருந்தால் போடுங்கள். நடைக்கு 1/500, ஓட்டத்துக்கு 1/1000.

கேமராவை நோக்கி ஓடிவரும் பிள்ளையைப் பிடிப்பது ஃபோகஸுக்குக் கஷ்டம், குறுக்கே ஓடும் பிள்ளையைப் பிடிப்பது சுலபம். பழைய கேமராவாக இருந்தால் குறுக்கே ஓடவிடுங்கள். ஊஞ்சலிலும் இப்படி ஒரு வழி உண்டு. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். பக்கவாட்டில் நின்று அந்த இடத்தில் முன்பே ஃபோகஸ் செய்து பூட்டி வைத்துக்கொண்டு, அங்கே வரும்போது அழுத்துங்கள். 1/250-லேயே தெளிவாக விழும், முடி மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

வெளியே போனால் நம் ஊர் வெயிலைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும். காலை எட்டரைக்குள், அல்லது மாலை அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எடுங்கள். அஸ்தமனம் டிசம்பரில் சுமார் 5.45, ஜூனில் சுமார் 6.35. இங்கே சூரியன் மளமளவென்று இறங்கிவிடும், பொன்வெயில் அரைமணி நேரம் நின்றாலே அதிகம். உடை மாற்றுவது, தலை சீவுவது எல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் திண்ணைக்கோ மர நிழலுக்கோ போங்கள். அதன் விளிம்பில், முகம் திறந்த வானத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். வேப்பமர நிழலில் இலைகளுக்கிடையே வெயில் பொட்டுப் பொட்டாக விழும். ஒரு பொட்டு கன்னத்தில் விழுந்தாலும் படம் கெட்டது. புல்தரையில் வெயில் பட்டால் மோவாய்க்கு அடியில் பச்சை ஏறும், மணலும் சிமெண்ட் தரையும் கீழிருந்து நல்ல வெளிச்சம் தரும். மெரினா போன்ற கிழக்குக் கரையில் மாலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெயில் நேராகப் பிள்ளையின் கண்ணில் அடிக்கும், கண் சுருங்கும். காலையில் வந்தால் சூரியன் பிள்ளைக்குப் பின்னால் இருக்கும்; முடியோரம் ஒளிக்கோடு விழும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை கூட்டினால்தான் முகம் தெரியும். மணலில் லென்ஸ் மாற்ற வேண்டாம். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஆவி படியும், கேமராவை மூடிய பையிலேயே கால்மணி நேரம் விட்டுவையுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு: முகத்துக்கு அரை மீட்டரில் நீட்டினால் மூக்கும் நெற்றியும் பெருத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நைட் மோடை அணையுங்கள், அது ஒன்றிரண்டு நொடி திறந்திருக்கும், எந்தப் பிள்ளையும் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது. பியூட்டி மோடையும் கட்டாயம் அணையுங்கள். அது மாநிறப் பிள்ளையை வெளுக்கவைத்து, தோலின் இழையையே வழித்து எடுத்துவிடுகிறது. கறுப்பான பிள்ளையின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்டு வரும் மினுக்கு போல அழகான ஒன்று வேறில்லை. அதை வெளுக்கும் உரிமை போனுக்கும் கிடையாது, ஸ்டுடியோவுக்கும் கிடையாது. ஸ்டுடியோவில் எடுத்தாலும் “கலர் ஏத்த வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் சிரிக்கச் சொன்னால் ‘ஈ’ என்று பல்லைக் காட்டுவார்கள். அதை ஒன்று எடுத்துக்கொண்டு, “முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுக் கேமராவை இறக்காமல் இருங்கள். அடுத்த நொடியில் தோள் தளர்ந்து வருவதுதான் உண்மையான சிரிப்பு. ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்த பொக்கை வாய் சில மாதம்தான் இருக்கும், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். அண்ணன் தங்கை இருவரையும் சேர்த்து எடுத்தால் எஃப் 5.6, இரு முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். மூன்று வயது அக்கா கையில் சிசுவை நின்ற வாக்கில் கொடுக்காதீர்கள், இருவரையும் பாயில் தலையோடு தலை படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள்.

பன்னிரண்டைத் தாண்டியவர்களிடம் முதலில் கேளுங்கள். பருவையோ உடம்பையோ பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். எட்டடி தள்ளி, 85 மி.மீ. அளவுக்கு ஜூம் செய்து, கிரிக்கெட் மட்டையோ வீணையோ சைக்கிளோ அவர்களுக்குப் பிடித்தது கையில் இருக்க எடுங்கள். எடுத்ததைக் காட்டி, வேண்டாம் என்றதை அவர்கள் கண்முன்னே அழித்துவிடுங்கள். எந்த வயதானாலும் குளிக்கும் படம், பள்ளிப் பேட்ஜ் தெரியும் படம் இரண்டையும் பொதுவெளியில் போடாதீர்கள். போன் கேமராவில் இருப்பிடம் பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள்.

தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பிரிண்டுக்கு ஆகாது. டாக்குமென்டாக அனுப்புங்கள். 4க்கு 6 அங்குலத்துக்கு 1200க்கு 1800 பிக்ஸல் போதும், 8க்கு 12 அங்குலத்துக்கு 2400க்கு 3600 வேண்டும். கடையில் கொடுக்கும் முன் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள்; போன் படம் 4க்கு 3 அளவில் இருப்பதால், 4க்கு 6 தாளில் போடும்போது தலையோ காலோ வெட்டுப்படும்.