ஜாப் கார்டில் ஏறாத புகார்

எஸ்யூவி வைத்திருப்பவர்கள் சொல்லும் மின்கோளாறுப் புகார்கள், எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிகின்றன, ஸ்டியரிங் கனத்துப்போகிறது, நடுத்திரை அணைந்து மீண்டும் உயிர்பெறுகிறது, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினால் எதுவுமே நடக்காதது போல வண்டி ஓடுகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாலோ, விருந்தாளி வந்ததும் சமர்த்தாகிவிடும் பிள்ளையைப் போல, அது ஒரு குறையும் காட்டுவதில்லை.

எங்கள் வண்டியிலும் இதுதான் நடந்தது. பெங்களூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல நாங்களும் விடுமுறை கிடைத்தால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் போய் வருகிறவர்கள். மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் என் மைத்துனர் ஓட்ட, தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் வந்துகொண்டிருந்தபோது, ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிந்தன. "மாமா, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது" என்று அவர் சொன்னார். அது திரும்பாமல் போகவில்லை. மின்மோட்டாரின் உதவி நின்றுவிட்டதால் முழுப் பாரமும் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சாலையில், அந்த இறக்கத்தில், இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யாரும் நிதானமாக யோசித்துப் பார்க்க முடியாது.

பெங்களூர் திரும்பியதும் வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அட்வைசர் வாணியம்பாடிக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்காக என் பக்கம் திருப்பியபோது பார்த்தேன்: ஜாப் கார்டு எனப்படும் வேலைச் சீட்டில், வாடிக்கையாளர் சொல்வதை எழுதும் கஸ்டமர் வாய்ஸ் என்ற கட்டத்தில் "ஜெனரல் செக்கப், வார்னிங் லைட் செக்" என்று மட்டும் இருந்தது. தொப்பூர் இல்லை, மழை இல்லை, ஸ்டியரிங் இல்லை. மாலையில் ஃபோன் வந்தது. "சார், ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டலை. பேட்டரியக் கழட்டி மாட்டி, இருந்த கோட எல்லாம் க்ளியர் பண்ணிட்டோம். இனிமே வராது சார்."

ஒன்றும் காட்டவில்லை என்றால் எந்தக் கோடை (code), அதாவது எந்தப் பிழைக் குறியீட்டை, அழித்தார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றும் கோளாறு நேர்ந்த கணத்தில் ஒரு கோடைப் பதிந்துகொள்கின்றன. பி (P) வரிசை இன்ஜினையும் கியரையும், சி (C) வரிசை பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றையும், யு (U) வரிசை பெட்டிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு அறுந்ததையும் குறிக்கும். பல கோடுகளுடன் அந்நேரத்து வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை போன்றவையும் சேர்ந்து பதிவாகும். வந்து போகும் கோளாறுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதை அச்செடுக்காமல் அழித்துவிட்டு வண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது எந்த வகையிலும் பழுதுபார்ப்பு ஆகாது.

கோளாறு மறுபடியும் வந்தது, மறுபடியும் மழையில். இந்த முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ஜே.சி. ரோட்டில் பல ஆண்டுகளாக ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன். வாரண்டி இருப்பதால் எதையும் கழற்ற வேண்டாம், அளந்து மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மீட்டரை எடுத்தார். இன்ஜின் அணைந்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 14-க்குச் சற்று மேல், இரண்டும் சரி. பிறகு ஏசி, முகப்பு விளக்கு, பின்கண்ணாடியின் மூட்டத்தை நீக்கும் டீஃபாகர் எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை பாடியில் எர்த் இணையும் போல்ட்டிலும் வைத்தார். நல்ல எர்த்தாக இருந்தால் அங்கே பத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்கள் வண்டியில் அது ஏறக்குறைய ஒரு வோல்ட். "இங்க பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட்டுக்கு அடியில் கேபிளின் கண்ணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதன் ஓரத்தில் பெயின்ட் முழுதாகச் சுரண்டப்படாமல் ஒரு பிறை அளவுக்கு மிச்சமிருந்தது.

எர்த் கெட்டுப்போனால் இத்தனை விளக்குகள் ஏன் எரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வண்டியில் உள்ள மின்கருவிகள் அத்தனையும் பாசிட்டிவைத் தனித்தனி வயரில் பெற்றாலும், திரும்பும் மின்சாரம் பாடியின் தகட்டின் வழியாகவே பேட்டரிக்கு வந்து சேர்கிறது. அந்தத் தகடும் கேபிளும் சேரும் இடத்தில் களிம்போ பெயின்ட்டோ இருந்தால் தடை கூடுகிறது. இழுக்கும் ஆம்பியர் கூடக்கூட அந்த இடத்தில் விழுந்துபோகும் வோல்ட்டும் கூடுகிறது. மழை இரவில் வைப்பர், விளக்கு, டீஃபாகர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, வளைவில் மின்ஸ்டியரிங்கும் பெரிய அளவில் மின்சாரம் கேட்கும்போது, ஏபிஎஸ் பெட்டியும் ஏர்பேக் பெட்டியும் தங்களுக்குத் தேவையான மின்னழுத்தம் இல்லை என்று ஒரே நேரத்தில் குரல் கொடுக்கின்றன. பகலில், வெயிலில், சர்வீஸ் சென்டரின் வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் நிறுவனத்துக்குப் போகாது. பெங்களூர் அடுக்ககங்களின் பேஸ்மென்ட்டில் எலிகள் வயரிங்கைத் தின்பது அன்றாடக் கதை. சன்ரூஃபின் வடிகால் குழாயில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தூண் வழியாக இறங்கிக் கால்மிதிக்கு அடியில் உள்ள கனெக்டரை நனைப்பதும் உண்டு. வெளியில் விளக்கும் கேமராவும் மாட்டுகிறவர்கள் வயரின் தோலை உரித்து டேப் சுற்றிவிட்டுப் போவது, பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் "ஆக்சசரி போட்டிருக்கீங்க சார்" என்று வாரண்டியை மறுக்க வசதியாகிவிடுகிறது. எங்கள் வண்டியில் வெளிப்பொருள் எதுவும் மாட்டப்படவில்லை, எலிக்கடியும் இல்லை. பானட்டைத் திறந்து அதையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பாதுகாப்புத் திரும்பப் பெறுதல், அதாவது நாம் ரீகால் என்று சொல்வது, இப்படிப்பட்ட தனித்தனிப் புகார்கள் பதிவாகி ஒன்றுசேர்ந்தால்தான் பிறக்கிறது. இந்தியாவில் 2012 ஜூலை முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தன்னார்வ விதிமுறை மட்டுமே இருந்தது. நிறுவனம் விரும்பினால் அறிவிக்கலாம், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள் புகார் செய்தாலோ, சோதனை அமைப்போ வேறு வழியோ தெரிவித்தாலோ, உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு ஆணையிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும், கட்டாயத் திரும்பப் பெறுதலில் அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். உரிமையாளர் புகாரைப் பதிய மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் வழி இருக்கிறது. விழுக்காட்டைக் கணக்கிட வேண்டுமானால் புகார் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" எந்தக் கணக்கிலும் சேராது.

ரீகால் வந்தாலே அந்த வண்டி மட்டம் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதை நான் ஏற்பதில்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் எக்ஸ்யூவி 700 வண்டிகளில் 1,08,306-ஐ இன்ஜின் அறையின் வயரிங் தொகுப்பைப் பரிசோதிப்பதற்காக அழைத்தது. கூடவே எக்ஸ்யூவி 400-இல் 3,560 வண்டிகளை பிரேக் பொட்டென்ஷியோமீட்டருக்காக அழைத்தது. 2024 பிப்ரவரியில் ஹூண்டாய், கிரெட்டாவிலும் வெர்னாவிலுமாக 7,698 வண்டிகளை மின்ஆயில் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அழைத்தது. இவை வெளியில் சொல்லப்பட்டவை. எண்ணிக்கையும் தயாரித்த தேதிகளும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி உள்ளன. எனக்கு நம்பிக்கையில்லாதது, சர்வீஸுக்கு வரும் வண்டியில் மட்டும் ஓசைப்படாமல் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, பில்லில் எதையும் காட்டாமல் அனுப்பும் பழக்கம்தான். அந்த வண்டி தப்பிக்கிறது; வெளியில் சர்வீஸ் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டு வண்டிக்குத் தகவலே போவதில்லை.

ஒரு ரீகாலோடு விவகாரம் முடிந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. மின்வாகனங்களில் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஐசிசியு பெட்டிக்காக, 2024-இல் இந்தியாவில் 1,744 ஹூண்டாய் ஐயோனிக் 5 வண்டிகளும் 1,138 கியா இவி6 வண்டிகளும் அழைக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் 1,380 இவி6 வண்டிகளுக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. அந்தப் பெட்டி பழுதானால் சிறிய பேட்டரி வற்றி, ஓடும் வண்டி உந்துதலை இழக்கக்கூடும். சாதாரண 12 வோல்ட் பேட்டரியே காரணமான கதையும் உண்டு: 2023 நவம்பரில் அமெரிக்காவில் டொயோட்டா, 2013 முதல் 2018 வரையிலான ராவ்4 வண்டிகளில் சுமார் 18.5 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. மாற்றாகப் போடும் சில பேட்டரிகளின் மேற்புறம் சிறிதாக இருந்ததாலும் பிடிப்புச் சட்டம் சரியாக இறுக்கப்படாததாலும் பேட்டரி நகர்ந்து, பாசிட்டிவ் முனை அந்தச் சட்டத்தைத் தொட்டு ஷார்ட் ஆக வாய்ப்பிருந்தது. தெருமுனைக் கடையில் அளவு பார்க்காமல் பேட்டரி மாற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் முறை சர்வீஸ் சென்டருக்குப் போனபோது நான் அட்வைசர் எழுதுவதற்காகக் காத்திருக்கவில்லை. தேதி, நேரம், இடம், வேகம், மழை, ஓடிக்கொண்டிருந்த கருவிகள், எரிந்த விளக்குகள், ஸ்டியரிங் கனத்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதை அப்படியே கஸ்டமர் வாய்ஸ் கட்டத்தில் ஏற்றச் சொன்னேன். "இவ்ளோ எழுதினா சிஸ்டம் எடுக்காது சார்" என்றார். எடுக்கும் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தேன். "ஓடும்போது ஸ்டியரிங் உதவி நின்றது" என்ற வரியை மட்டும் சுருக்க ஒப்புக்கொள்ளவில்லை. கோடுகளை அழிக்கும் முன் ஸ்கேனர் அறிக்கையை அச்செடுத்துத் தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்தேன். மீட்டர் காட்டிய அளவின் படத்தையும் களிம்பின் படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, ஜாப் கார்டு எண்ணைத் தலைப்பில் போட்டேன். எர்த் கேபிள் வாரண்டியில் மாற்றப்பட்டது, போல்ட்டின் இடம் சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டது, அச்செடுத்த அறிக்கையில் யு வரிசைக் கோடுகள் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகு வந்த மழையில் விளக்குகள் எரியவில்லை.

எங்கள் அடுக்ககத்திலேயே அதே மாடல் வைத்திருக்கும் ஓசூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பழைய வண்டியாக வாங்கியது, டிஎன் 70 பதிவெண். ஆர்சி அவர் பெயருக்கு மாறிவிட்டது, ஆனால் நிறுவனத்தின் கணக்கில் இருப்பது இன்னும் முதல் உரிமையாளரின் கைபேசி எண்தான். நாளைக்கே ரீகால் அறிவித்தாலும் குறுஞ்செய்தி அந்த மனிதருக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்சியில் உள்ள 17 இலக்கச் சாசி எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்துப் பார்ப்பதோடு, தங்கள் எண்ணையும் சர்வீஸ் கணக்கில் மாற்றிவிட வேண்டும். அவருடைய வண்டியையும் பாயிடம் அளந்து பார்த்தோம். அதே போல்ட், அதே பச்சை.

நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டுமா என்று அவர் கேட்டார். கோளாறு தீராமல் இழுத்தடித்தால் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட ஆணையம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள். அங்கேயும் முதலில் கேட்பது ஜாப் கார்டைத்தான்.

இப்போதைக்கு இருவரும் தனித்தனியாக வாகன் தளத்தில் பதிந்திருக்கிறோம், நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறோம். இது தனி வண்டியின் குறை என்ற வழக்கமான பதில் எனக்கு வந்தது. அவருடைய ஜாப் கார்டின் நகலை இணைத்து மறுபடி எழுதியிருக்கிறேன். மழையில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகள் சேர்ந்து எரிகிற எஸ்யூவி வைத்திருப்பவர்கள், பேட்டரி மாற்றச் சம்மதிக்கும் முன் எர்த்தின் வோல்ட்டை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்; அளந்த எண்ணை ஜாப் கார்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.