ஒரே குரல், இரண்டு பேண்ட்: எஃப்எம் ஸ்டாட்டிக் குறிப்புகள்

மார்ச் 4

கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த தவுசண்ட் ஃபுட் கிரட்ச், ராப்பும் கனத்த ராக்கும் கலந்த கிறிஸ்தவ பேண்ட். அதன் பாடகர் ட்ரெவர் மெக்நெவனும் டிரம்மர் ஸ்டீவ் அகஸ்டினும் 2003இல் தொடங்கிய சைடு ப்ராஜெக்ட்தான் (முக்கிய பேண்டோடு பக்கவாட்டில் நடத்தும் இன்னொரு பேண்ட்) எஃப்எம் ஸ்டாட்டிக். பெரிய பேண்டில் பொருந்தாத துள்ளலான பாப்-பங்க் மெட்டுகளுக்கு, அதாவது பாப்பும் வேகமான பங்க் ராக்கும் கலந்தவற்றுக்கு, இங்கே இடம் கிடைத்தது. அந்த வருடங்களில் இரண்டின் ஆல்பங்களையும் வெளியிட்டது சியாட்டிலின் டூத் அண்ட் நெயில் என்ற இசை நிறுவனம்.

எந்தப் பாட்டு எந்த பேண்டுக்கு என்ற கோடு தெளிவாக இருந்ததால்தான் இது நிலைத்தது. சைடு ப்ராஜெக்ட் தொடங்குகிறவர்கள் முதலில் போட வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

மார்ச் 5

டூத் அண்ட் நெயிலில் ஆல்பம் வந்த வருடங்கள். பெரிய பேண்ட்: 2003, 2005, 2007, 2009. எஃப்எம் ஸ்டாட்டிக்: 2003, 2006, 2009, 2011. இரண்டு முறை ஒரே வருடத்தில் இரண்டிலிருந்தும் ஆல்பம். பாடகரும் டிரம்மரும் ஒரே ஆட்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பு மலைக்க வைக்கிறது.

மார்ச் 8

இன்று கிட்டார் மட்டும். பாப்-பங்க் கிட்டார் சுலபம் என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கனத்த ராக்குக்குத் தாழ்த்திய ட்யூனிங் (கம்பிகளின் சுருதி அமைப்பு), பாப்-பங்குக்குப் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் ட்யூனிங் அல்லது அரை ஸ்வரம் கீழே. ஒரே கிட்டாரை இரண்டுக்கும் திருகித் திருகி வாசித்தால் கழுத்தின் வளைவு மாறி, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும். 10-46 கம்பி (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக) ஸ்டாண்டர்டுக்குச் சரி. அதே கம்பியை டிராப் சி (தடித்த கம்பியை சி ஸ்வரம் வரை தாழ்த்தும் ட்யூனிங்) வரை இறக்கினால் தளர்ந்து, ஓங்கி அடித்த கணத்தில் சுருதி மேலே போய் இறங்கும். டிராப் சிக்கு 11-54 போல தடித்த செட் வேண்டும். ஆகவே இரண்டு கிட்டார் வைத்துக்கொள்வதே நல்லது.

கார்டுகள் எளிமைதான்: டி, ஏ, பி மைனர், ஜி. வாசிப்பது பவர் கார்ட். ரூட் (கார்டின் அடி ஸ்வரம்), அதிலிருந்து ஐந்தாவது ஸ்வரம், மேல் ஸ்தாயியில் மீண்டும் ரூட். டிஸ்டார்ஷனில் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவது) மூன்றாவது ஸ்வரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். அதைப் பாடகரிடம் விட்டுவிடலாம்.

வெர்ஸில் (கோரஸுக்கு முந்தைய சரணப் பகுதி) பாம் மியூட், அதாவது உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிப்பது. உள்ளங்கையின் விளிம்பு, கம்பி பிரிட்ஜை விட்டு எழும்பும் இடத்தில் மெல்லத் தொட வேண்டும். அரை சென்டிமீட்டர் முன்னே போனால் ஸ்வரமே செத்து ‘டொக்’ என்று கேட்கும். பின்னே போனால் கம்பி திறந்து முழங்கும். 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 தாள அடி) எட்டாம் நோட்டுகள் (தாள அடிக்கு இரண்டு) என்றால் நொடிக்கு ஆறு அடி, அத்தனையும் கீழ்நோக்கி. இரண்டாவது வெர்ஸில் மணிக்கட்டு இறுகி, கை தானாக நகர்ந்துவிடும். ஆம்ப்ளிஃபையரின் கெயினை (டிஸ்டார்ஷன் அளவு) கூட்டி அதை மறைக்கப் பார்ப்பார்கள். அடிகளுக்கு நடுவே இருக்கும் மௌனமும் அதோடு போய்விடும். 140 பிபிஎம்மில் தொடங்கி, நாளுக்கு ஐந்தாக ஏற்றுங்கள்.

மார்ச் 9

நேற்றைய தொடர்ச்சி. ரெக்கார்டிங்கில் ரிதம் கிட்டாரை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது வைக்க வேண்டும். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவு) நகலெடுத்து இரு பக்கமும் போட்டால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். நகலைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் ஹெட்ஃபோனில் ஏமாற்றும்; மோனோவில் (இரு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது) சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, கிட்டார் குழாய்க்குள் போனதுபோல் ஆகும். சர்ச் ஸ்பீக்கர்கள் பல மோனோதான், மறக்க வேண்டாம்.

மார்ச் 12

டிரம்ஸ். வெர்ஸில் ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) மூடி, கோரஸில் கிராஷுக்கு (ஓங்கி ஒலிக்கும் பெரிய தட்டு) போவது வழக்கம். வேகம் ஏறிவிடுவதுதான் பெரிய பிரச்சினை. கோரஸுக்கு முந்தைய ஃபில்லில் (பகுதி மாறும் இடத்து டிரம் உருட்டல்) அவசரப்பட்டால், பாடகருக்கு மூச்செடுக்க இடமிருக்காது. கிளிக்கோடு (தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலி) அந்த ஒரு பாரை (ஒரு தாள வட்டம்) மட்டும் தனியே இருபது தடவை வாசிக்கலாம்.

மார்ச் 15

2009இல் வந்த ‘டியர் டைரி’யை இந்த நாட்குறிப்பில் விட முடியாது. ஆல்பமே ஒரு பையனின் டைரி. பாட்டுத் தலைப்புகள் அத்தியாயங்கள் போல ஓடும்: புது ஊருக்கு வருகிறான், பெண்ணைச் சந்திக்கிறான், கடைசியில் கல்லூரிக்குக் கிளம்புகிறான். நடுவில் கடவுளோடு நேராகப் பேசுகிறான். விசுவாசம் பிரசங்கமாக வராமல், ஒரு பள்ளிப் பையனின் தவிப்பாக வருகிறது. இந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே நினைக்கிறேன். வரி எழுதும்போது பெரிய இறையியல் சொற்களைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த வயதில் ஜெபத்தில் என்ன வார்த்தை வருமோ அதை எழுதிப் பாருங்கள். அசைகளும் குறையும், 180 பிபிஎம்மில் வாயும் குழறாது.

மார்ச் 16

குரல். ஒரே நாளில் இரண்டு வகையும் பாடுவதாக இருந்தால் பாப்-பங்க் முதலில். கத்திப் பாடிய பிறகு குரல்நாண் வீங்கி, கோரஸின் உச்ச ஸ்வரம் உடையும். உச்ச ஸ்வரம் மூன்றாவது டேக்கிலும் எட்டவில்லையென்றால், குரலை வற்புறுத்தாமல் எல்லா கிட்டாரையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். பேஸ் கிட்டாரையும் சேர்த்துத்தான். அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான்.