லேப்டாப்பை விற்கும் முன் ஃபார்மேட்: கடையில் ஏன் வேண்டாம்

பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான். "கடையில குடுத்து ஒரு ஃபார்மேட் போட்டுடுங்க, ஐநூறு ரூபாதான் ஆகும்." நான் கொடுக்கவில்லை, கேட்பவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காசு ஒரு பிரச்சினை இல்லை. அந்த ஐநூறு ரூபாய் ஃபார்மேட்டில் பல சமயம் நடப்பது இதுதான்: போக வேண்டிய உங்கள் ஃபைல்கள் டிஸ்க்கிலேயே கிடக்கும், இருக்க வேண்டிய ஒரிஜினல் விண்டோஸ் போய்விடும்.

முதலில் விண்டோஸ் கதை. விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் இருபத்தைந்து எழுத்து கீ, நாலு வருஷம் மடியில் வைத்துத் தேய்த்ததில் பாதி எழுத்து அழிந்திருக்கும். விண்டோஸ் 8 வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பில் கீ மதர்போர்டு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டு வருகிறது. டிஸ்க்கைத் துடைத்தாலும், டிஸ்க்கையே கழற்றி வேறு போட்டாலும் அது போகாது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், கீ எதுவும் தட்ட வேண்டியதில்லை.

அதே எடிஷன் என்பதில்தான் சிக்கலே. நம் ஊரில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்புகளில் ஏகப்பட்டவை 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' எடிஷனோடு வருபவை. கடையிலோ எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவ், அதில் இருப்பது ப்ரோ. போர்டில் இருக்கும் ஹோம் கீ ப்ரோவுக்குச் செல்லாது, அதனால் ஆக்டிவேட் ஆகாது, உடனே விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்துவிட்டு, லைசென்ஸை ஏமாற்றும் கிராக் ஒன்றை ஓட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்க, மேலே திருட்டு விண்டோஸ் ஓடும். என் மச்சான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் அப்படித்தான் வந்தது. வாங்கி கொஞ்ச நாளில் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து. டிஃபெண்டரைத் திறந்து பார்த்தால் ஒரு ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே என்று விலக்கு கொடுத்து வைத்திருந்தார்கள். ஹோமைப் போட்டோம், வைஃபை பிடித்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. "அப்ப இத்தன நாளா உள்ளயே இருந்துச்சா மாப்ள?" என்று கேட்டான். இருந்தது.

அடுத்து, ஃபைல்கள். சாதாரணமாகப் போடும் குயிக் ஃபார்மேட் டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக எழுதும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு சாமான் செட்டையெல்லாம் வீட்டுக்குள்ளேயே விட்டுப் போவது மாதிரி. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஒரு இலவச ரெக்கவரி மென்பொருள் போதும், போட்டோவெல்லாம் வரிசையாக எழுந்து வரும். அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இரண்டு பேர், சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட், செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். வாங்கியது 158, அதில் வேலை செய்தது 129, ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12. ஏடிஎம் மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க் ஒன்றுகூட அதில் இருந்தது.

என் லேப்டாப்பில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது என்பவர்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். எனக்கு அதில் இருந்தவை: பான் கார்டு ஸ்கேன், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டில் எல்லாருடைய இ-ஆதார் பிடிஎஃப். ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான். பக்கத்திலேயே பயோடேட்டா இருக்கும், பெயர், பிறந்த தேதி சகிதம். அப்புறம் என்ன பாஸ்வேர்டு!

என்னுடையது 2019 மாடல், எட்டாம் தலைமுறை ஐ5, 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஹார்ட் டிஸ்க்குக்கு எல்லா இடத்திலும் ஒருமுறை பூஜ்ஜியம் எழுதினால் போதும். முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கணக்கு 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். எஸ்எஸ்டியில் மேலே எழுதுவதை முழுசாக நம்ப முடியாது. எழுதியது எந்த செல்லில் போய் உட்கார வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் அதனிடம் உண்டு. அதற்கு செக்யூர் எரேஸ் என்ற கட்டளை இருக்கிறது, சில லேப்டாப்புகளில் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை) கிடைக்கும். கிடைக்காவிட்டால், டிஸ்க்கில் இருப்பதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரோ 'டிவைஸ் என்கிரிப்ஷ'னோ இயக்கி, டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகி முடியும் வரை விட்டு, பிறகு துடைக்கலாம். ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும், டிஸ்க்கில் மிஞ்சியது எதுவானாலும் அடுத்தவருக்கு வெறும் குப்பை. விற்பதற்கு முன்னால் பிட்லாக்கரை ஆஃப் செய்துவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தலைகீழ் யோசனை, பூட்டியிருந்ததைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் அழிப்பானேன்?

பேக்கப் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபார்மேட்டுக்கு முன்னால் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள்.

இனி விண்டோஸைத் திரும்பப் போடுவது. பென்டிரைவ் 8 ஜிபி இருந்தால் போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதில் விண்டோஸை ஏற்ற மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல்தான் நல்லது, தெரிந்தவர் கொடுத்த விண்டோஸ் ஐஎஸ்ஓ ஃபைல் எல்லாம் வேண்டாம். பென்டிரைவிலிருந்து பூட் செய்து முதல் திரை வந்ததும் ஷிப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கருப்பு ஜன்னல் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க் என்ற கட்டளைகளைத் தட்ட வேண்டும். இங்கே நிதானம் வேண்டும். டிஸ்க் 0, 1, 2 என்று எண்தான் காட்டும், பெயர் காட்டாது, அளவை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். அளவும் வாங்கும்போது சொன்ன அளவாக இருக்காது: 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்று வரும், 1 டிபி 931 என்று வரும், சின்னதாக ஒன்று இருந்தால் அது நம் பென்டிரைவ். ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்து 'கிளீன் ஆல்' கொடுத்தால் ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்ஜியம் எழுதும். வெறும் 'கிளீன்' என்றால் பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் துடைக்கும், நொடியில் முடிந்துவிடும். கிளீன் ஆல் 1 டிபிக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும், அதுவரை திரையில் சதவீதமோ எதுவுமோ வராது, ஒரு அண்டர்ஸ்கோர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று பவரை அமுக்கிவிடாதீர்கள். சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

மற்றபடி இன்ஸ்டால் ஒன்றும் பிரமாதமில்லை. கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைச் சொடுக்கலாம், போர்டில் கீ இருந்தால் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த சில லேப்டாப்புகளில் எந்த டிஸ்க்கும் இல்லை என்று சொல்லும். எஸ்எஸ்டி செத்துப்போகவில்லை, இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரிய ஆரம்பிக்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் முழித்தால் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள்.

எந்த விண்டோஸ் என்று கேட்டால் 11தான், ஓடுமானால். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் உண்டு. என் மெஷின் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஏழாம் தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஏதாவது தந்திரம் செய்து 11ஐத் திணித்து விற்பதைப் பார்க்கிறேன். வாங்குபவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் சரி, சொல்லாமல் செய்வது ஏமாற்றுதான். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம், நன்றாகவே ஓடும். ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்க வருபவர் பையனுடைய காலேஜுக்கு என்று வருகிறார், மின்ட் என்றால் திரும்பிப் போய்விடுவார்.

கடைசியில் எந்த நாடு என்று கேட்கும் திரை வரும்போது நிறுத்திவிட வேண்டும். உங்கள் பெயரில் ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்தால் இவ்வளவு செய்ததும் வீண். நான் ஆக்டிவேஷனைச் சரிபார்க்க வேண்டுமென்று, அந்தத் திரையில் கன்ட்ரோல், ஷிப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி ஆடிட் மோடுக்குள் போனேன். கணக்கு எதுவும் இல்லாமல் டெஸ்க்டாப் வரும். டிரைவர்களைப் போட்டு, ஆக்டிவேட் ஆனதைப் பார்த்து, பேட்டரியின் நிலையைக் காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, அங்கே தானாக வந்து நிற்கும் சிஸ்ப்ரெப் ஜன்னலில் ஓஓபிஇ (முதல்முறை செட்டப்), ஷட் டவுன் என்று தேர்ந்து அணைத்தேன். அடுத்துத் திறப்பவருக்குக் கடையில் வாங்கியது போல ஆரம்பத்திலிருந்து வரும். பயாஸ் பாஸ்வேர்டு ஏதாவது போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் டிவைஸஸ் பக்கத்தில் போய் இந்த மெஷினை நீக்கிவிடுங்கள்.

வாங்க வந்தவர் ஒரிஜினல் விண்டோஸா சார் என்றுதான் முதலில் கேட்டார். அவரையே திறந்து அவர் பெயரில் செட்டப் செய்யச் சொன்னேன், செட்டிங்ஸில் ஆக்டிவேட்டட் என்று இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பேட்டரி ரிப்போர்ட்டையும் காட்டினேன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரி, சார்ஜர் மட்டும் ஒரிஜினல் இல்லையே என்று ஐநூறு ரூபாய் குறைத்துக்கொண்டுதான் எடுத்துப்போனார்.