பென்சிலில் எழுதின டூட்டி லிஸ்ட்

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பு. ‘சேவைத் தலைமை’ என்று தலைப்பு. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதினாராம்: தலைவராகிறவர் முதலில் தொண்டு செய்கிறவராக இருக்கணும். ஏசியில் கண் சொக்கினாலும், எங்க வார்டு நர்ஸ்களுக்குப் பொறுப்பாக இருந்த பழைய இன்சார்ஜ் அக்கா ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் 2015 எம்.ஆர்.பி. பேட்ச் நர்ஸ். எம்.ஆர்.பி. என்றால் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். அந்த இரண்டு வருஷம் நீண்ட கதையைக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன். வீடு கொருக்குப்பேட்டை. ரயில்வே கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் ரயில் போகிறவரை நிற்க வேண்டியதுதான். ஏழரை டூட்டிக்கு ஏழே முக்கால் ஆகிவிடும். அப்போதிருந்த இன்சார்ஜ் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சுழிப்பார். மூன்று சுழிக்கு ஒரு லீவு போச்சு. ராஜினாமா லெட்டர் எழுதி டிபன் பையில் வைத்திருந்தேன். துபாய் ஏஜென்ட் நம்பரும் அதே கவரில்.

அப்புறம்தான் இந்த அக்கா வந்தார். “கேட்டு எப்போ போடுறான், எவ்ளோ நேரம்?” என்று கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் நான் ஓடி வந்தால், நைட் சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரே ஹேண்ட் ஓவர் வாங்கி, என் பெட்டுகளுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார்.

டூட்டி லிஸ்டைப் பென்சிலில்தான் எழுதுவார். இரண்டு நாள் மேசையிலேயே கிடக்கும், பக்கத்தில் ரப்பர். யாருக்குக் காதுகுத்து, யாருக்குப் பிள்ளை பரீட்சை என்று எங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் பேனா. தீபாவளி நைட்டில் அவர் பெயர் மட்டும் முதல் நாளே பேனாவில் இருக்கும்.

2023 மிக்ஜாம் மழையில் இரண்டு நாள் ரிலீவர் வரவில்லை. அக்காவும் போகவில்லை. டீ போட்டு முதல் டம்ளரை ஆயாம்மாவுக்குக் கொடுத்தார்.

அவர் இருந்த நாலு வருஷமும் எங்க வார்டை விட்டு யாரும் போகவில்லை. அதற்காக, நல்ல இன்சார்ஜ் இருந்தால் சம்பளம் எதற்கு என்று யாராவது பாடம் எடுத்தால் சண்டைக்கு வருவேன். நிரந்தரம் கேட்டு நாங்கள் போராட்டத்துக்குப் போன அன்று, வார்டைப் பார்த்துக்கொண்டு “போய்ட்டு வாங்கடி” என்றவரே அக்காதான்.

போன வருஷம் கவுன்சலிங்கில் அவருக்கு மாறுதல். இப்போது லிஸ்ட் பிரிண்ட் ஆகி, கண்ணாடிப் பலகைக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒருத்தி அயர்லாந்து போய்விட்டாள். இன்னொருத்தி பெரம்பூர்ப் பக்கம் தனியாரில்.

நேற்றும் கேட் போட்டுவிட்டான். கூட்ஸ்தான். பெட்டியை எண்ணிக்கொண்டு நின்றேன். 58.