ஓடையில சருகு மிதந்து வந்தா

மதுரையில இருந்து வாரக்கடைசியில ஆளுகள மலைக்குக் கூட்டிட்டுப் போய் பத்திரமா எறக்கிக் கொண்டாந்து விடுறதுதான் என் வேலை, ட்ரெக் லீட்னு சொல்லுவாங்க. நான் வேலைக்குச் சேந்தது 2018 பிப்ரவரி. அடுத்த மாசமே, மார்ச் 11, தேனிப் பக்கம் குரங்கணி மலையில காட்டுத் தீ. ட்ரெக்கிங் போன 20 பேருக்கு மேல இறந்தாங்க, தீக்காயத்தோட சில பேர நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்தாங்க. அந்த குரூப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனாலும் எங்க கூட அதுக்கு முன்னாடி என்னைக்கோ மலைக்கு வந்தவங்க வீட்டுல இருந்தெல்லாம் ராத்திரி முழுக்க போன் வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் தான் எடுத்துப் பேசினேன்.

மாசி பங்குனியில இந்தப் பக்கத்து மலையெல்லாம் காஞ்சு கெடக்கும். ஆள் ஒசரத்துக்கு புல்லு, தொட்டா நொறுங்கும். பகல்ல சரிவு சூடாகுறதால காத்து கீழ இருந்து மேல ஏறும், தீயும் அது கூடவே ஏறும், முன்னாடி இருக்குற புல்ல அந்த அனலே காய வச்சிரும், அதனால மேட்டுல ஓடுறவன விட தீ வெரசா ஓடும். இப்ப கவர்மெண்ட்டே தீ சீசன்ல ட்ரெக்கிங்க மூடிருது, 2025ல பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடினாங்க. நல்ல முடிவு. எங்களுக்கு ரெண்டு மாசம் வருமானம் போகுது, போகட்டும்.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் வர்ற நாளப் பத்தி. சித்திரை பொறந்து ஒரு கோடை மழை பேஞ்சதும் எல்லாருக்கும் மனசு லேசாயிரும், இனி தீ பயம் இல்ல, மலையும் பச்சையாயிருச்சு கெளம்புவோம்னு. பஞ்சாங்கத்துல இத இளவேனில்னு போட்டிருப்பாங்க, பேரக் கேட்டா சொகமாத்தான் இருக்கு. என் அனுபவத்துல மலை ஏறுறவங்கள ஏமாத்துற மாசம் இதுதான்.

காலையில 6 மணிக்குப் பாத்தா ஒரு மேகம் இருக்காது. 11 மணிக்கு முகட்டுல பஞ்சு மாதிரி சின்னச் சின்னதா நிக்கும், போட்டோ எடுப்பாங்க. 1 மணிக்கு அதே பஞ்சு காலிபிளவர் மாதிரி மேல மேல வீங்கும், அடிப்பக்கம் கருக்கும். 2 மணிக்கு மேல இடி. கீழ சூடாகுற காத்து சரிவேறிப் போகுது, கேரளா பக்கத்து ஈரக்காத்தும் முகட்டுல வந்து சேருது, அதான் மழைய மலை மேலேயே கொட்டிட்டுப் போயிருது, அடிவாரத்துல ஒரு சொட்டு இருக்காது. போன்ல பாக்குற ஆப் ஊருக்குத்தான் சொல்லும், மலைக்கு இல்ல. வானிலை மையம் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை"ன்னு போட்டா நம்மாளுக அப்ப நமக்கு இல்லன்னு எடுத்துக்கிறாங்க. மழை மானி இருக்குற எடத்துல நாலுல ஒரு பங்கு, இல்ல அதுக்கும் கம்மியான எடத்துல மழைன்னாதான் ஓரிரு இடம்னு அர்த்தம். சித்திரை மாசத்துல அந்த ஒரு எடம் மலையாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் இப்பல்லாம் நான் பிளான் போடுறேன்.

இப்பிடி நெனைக்க வச்சது ஒரு ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. தேனிப் பக்கம், ஒரு கம்பெனி குரூப், 22 பேரு. வேன் லேட்டா வந்துச்சு, ஏற ஆரம்பிக்கவே ஒம்போதரை ஆயிருச்சு, அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருக்கணும், நான் சொல்லல, அது என் தப்பு. கூட வழிகாட்ட வந்தவர் பளியர் பழங்குடித் தாத்தா ஒருத்தர், அந்த மலையிலயே பொறந்து வளந்தவரு. எறங்குறப்ப மணி மூணு. கடைசி ஓடை, கணுக்கால் தண்ணி, தலைக்கு மேல சுத்தமா நீல வானம். 12 பேரு அங்கிட்டு தாண்டிட்டாங்க. தாத்தா குனிஞ்சு தண்ணிக்குள்ள கைய வச்சாரு. நானும் பாத்தேன், காலையில அடியில கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் தெரிஞ்ச தண்ணி, இப்ப டீத்தண்ணி கலர்ல இருந்துச்சு, காஞ்ச சருகு நாலஞ்சு வந்துச்சு, அப்புறம் கொத்தா வந்துச்சு, மண்ணு வாசம்.

"நிப்பாட்டு தாயி, ஒருத்தரும் எறங்கக் கூடாது. மேல பேஞ்சிருச்சு."

இங்கிட்டு நின்ன 10 பேருல ஒருத்தரு சத்தம் போட்டாரு, மேடம் பத்தடி தாண்ட எவ்ளோ நேரமாகும், வேன் நிக்குதுன்னு. நான் கைய விரிச்சு மறிச்சுக்கிட்டு நின்னேன். கால் மணி நேரம் கூட இருக்காது, மொதல்ல சத்தம்தான் வந்துச்சு, தூரத்துல லாரி கல்லு கொட்டுற மாதிரி. அப்புறம் தண்ணி, நெஞ்சு ஒசரம், கெளையெல்லாம் இழுத்துக்கிட்டு. சத்தம் போட்டவரு அப்பிடியே கீழ உக்காந்துட்டாரு. 2015 மே மாசம் சதுரகிரி மலைக் கோயிலுக்கு அமாவாசைக்குப் போனவங்கள்ல பல பேரு உயிர் இப்பிடி வந்த வெள்ளத்துலதான் போச்சு. பேப்பர்ல படிச்சப்ப புரியாதது அந்த ஓடைக்கரையில நின்னப்ப புரிஞ்சது.

அப்புறம் மழை எங்க மேலயும் வந்துச்சு. மேட்டுக்கு ஏறி, ஒத்த மரத்தடிய விட்டு விலகி, ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி உக்கார வச்சேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணினோம், மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர், ஒரு தடவ ரெண்டு கூட எண்ண முடியல. நான் எதிர்பாக்காதது குளிருதான். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரிக்கு மேல கொறையும், நனைஞ்ச காட்டன் சட்டையில காத்து பட்டா இன்னும் மோசம். மதுரையில அன்னைக்கு சட்டை ஒட்டுற வெயில், இங்க ஒரு பொண்ணு பிஸ்கட் பாக்கெட்ட பிரிக்க விரல் மடங்காம அத கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, பேசினா வார்த்தை கொழறுது. என் பையில இருந்த காஞ்ச பனியனையும் துண்டையும் குடுத்து, ரெண்டு பொம்பளைங்க நடுவுல ஒட்டி உக்கார வச்சு, கருப்பட்டி ஒரு துண்டு வாயில போட்டேன், அர மணி நேரம் கழிச்சுத்தான் நடுக்கம் நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு நாங்க தாண்டினப்ப மணி ஏழு.

திங்கக்கிழமை ஆபீஸ்ல, நாலு மணி நேரம் லேட்டானதுக்கு கஸ்டமர் காசு திருப்பிக் கேக்குறாங்கன்னு என்னைய நிக்க வச்சுக் கேட்டாங்க. அந்தக் கம்பெனிய விட்டு நான் வந்தது அந்த வருசம்தான்.

இப்ப சித்திரை வைகாசின்னா காலையில அஞ்சரைக்கு முதல் அடி வச்சிரணும், 1 மணிக்குள்ள கடைசி ஓடைய தாண்டிரணும், வேன் லேட்டானா பாதி வழியோட திரும்பிருவோம், பணம் கட்டினவங்க கோவிச்சாலும் சரி. பைக்குள்ள ஆளுக்கு ஒரு காஞ்ச சட்டை பாலித்தீன் கவர்ல கட்டாயம். போறப்ப ஒவ்வொரு ஓடையிலயும் தண்ணி தொடுற விளிம்புல ஒரு கல்ல வச்சிட்டுப் போறேன், வர்றப்ப கல்லு தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னா தாண்டுறது இல்ல. தாத்தாகிட்ட இதச் சொன்னப்ப கேட்டுட்டு, கல்ல மட்டும் பாக்காத தாயி, சருகையும் பாரு, தண்ணி ஏறுறதுக்கு முந்தி அதுதான் வரும்னாரு.