பத்து இரவு, ஐந்து பேர், ஒரு மோட்டார்ஹோம்: நியூசிலாந்துப் பயணத்துக்கு எவ்வளவு ஆனது?

நாள் வாடகை 230 நியூசிலாந்து டாலர். ஆறு பேர் படுக்கலாம், உள்ளேயே சமைக்கலாம், குளிக்கலாம், கழிப்பறையும் உண்டு. பிப்ரவரியில் ஒரு ராத்திரி இந்தத் தொகையைப் பார்த்ததும், பத்து இரவுக்கு 2,300 என்று மனக்கணக்குப் போட்டு, மோட்டல் செலவு மொத்தமும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஏப்ரல் 22-ஆம் தேதி வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று கூட்டிப் பார்த்தால் 5,874 டாலர். விமான டிக்கெட்டும் விசாவும் இதில் சேரவில்லை.

இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கும் நம் ஆட்கள் பலர் ஒரு முறை நியூசிலாந்துக்குக் கூட்டிப்போகிறார்கள். மூன்று மணி நேர விமானம்தான், பக்கத்து நாடு. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஆறு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, அப்பா. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தினமும் ராத்திரி படுக்கும் முன்பு அன்றைய செலவை நோட்டில் எழுதாமல் தூங்கமாட்டார். கீழே வரும் தொகை எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை, நியூசிலாந்து டாலரில். அப்போது ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு 1.08 கிடைத்தது. அப்படிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய 5,440 ஆஸ்திரேலிய டாலர்.

முதலில் வாடகை. நாம் இரவுகளை எண்ணுகிறோம், அவர்கள் நாட்களை எண்ணுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தாலும் அது ஒரு முழு நாள். காலையில் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு முழு நாள். ஆகவே பத்து இரவு என்பது 11 நாள் வாடகை, 2,530 டாலர். டிசம்பர் கடைசியில் இதே வண்டிக்கு நாளொன்றுக்கு 400-க்கு மேல் காட்டியது. எந்த மாதம் போகிறோம் என்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது காப்பீடு. வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில், வண்டிக்கு ஏதாவது ஆனால் முதல் 7,500 டாலர் நம் தலையில். அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் பிடித்தும் வைத்துவிடுவார்கள். முழுக் காப்பீடு நாளுக்கு 52, பதினோரு நாளுக்கு 572. கணவர் ஏழு மீட்டர் வண்டியை அதற்கு முன் ஓட்டியதே இல்லை. அதனால் யோசிக்காமல் எடுத்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் முழுக் காப்பீடு என்று பெயர் இருந்தாலும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் சாலை என்று ஒன்று இருக்கிறது, மலை விளிம்பில் போகும் மண் பாதை. அதில் வாடகை வண்டியைக் கொண்டுபோனால் காப்பீடு செல்லாது. கிரெடிட் கார்டில் பணம் கட்டியதற்குக் கட்டணம் 62, மகனுக்கு பூஸ்டர் சீட்டும் வெளியே போட்டு உட்கார நாற்காலிகளும் 60.

இதெல்லாம் வண்டி நகர்வதற்கு முன்பே ஆனது.

நியூசிலாந்தில் டீசல் விலைப் பலகையைப் பார்த்தால் பெட்ரோலைவிட மிகவும் மலிவாகத் தெரியும். மாமனார் மருமகன் இரண்டு பேருக்கும் முதல் பங்க்கில் ஒரே மகிழ்ச்சி. காரணம் என்னவென்றால், பெட்ரோலில் சாலை வரி விலையோடு சேர்ந்தே வந்துவிடும். டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு அந்த வரியைத் தனியாக வாங்குவார்கள். ஆர்.யூ.சி என்பார்கள். எங்களிடம் 100 கிலோமீட்டருக்கு 8.50 வீதம் கடைசி நாளில் வாங்கினார்கள். 1,740 கிலோமீட்டருக்கு 148 டாலர். டீசலுக்கு 490 ஆனது. நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தது வண்டி. பாதி டேங்க் ஆனதுமே பெரிய ஊரில் நிரப்பிக்கொள்வது நல்லது. டெ அனாவ் என்ற ஊரைத் தாண்டினால், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் வரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அந்தச் சாலையில் பங்க்கை நம்பிப் போகக்கூடாது.

எங்கே தங்குவது என்பதில்தான் நான் அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். வண்டியே வீடு, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. 2011-இல் ஒரு சட்டம், அப்புறம் 2023-இல் அதை இறுக்கி இன்னொன்று. கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, அதற்குச் சான்றாகப் பச்சை ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் அந்தந்த ஊர் கவுன்சில் அனுமதிக்கும் இடத்தில்தான் நிறுத்தலாம். தப்பான இடத்தில் நிறுத்தினால் 400 டாலர் அபராதம் போடலாம். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தவை இரண்டே இரவு. ஒன்று லம்ஸ்டன் என்ற சின்ன ஊரில், பழைய ரயில் நிலையத்தின் பக்கத்தில். ரயில் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, நிலையம் மட்டும் அழகாக நிற்கிறது. மகன் அன்று முழுக்க ஸ்டேஷன் மாஸ்டர்.

வனத்துறை மாதிரி அங்கே டாக் என்று ஓர் அரசுத் துறை நடத்தும் முகாம்கள் உண்டு. மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில், மில்ஃபோர்ட் சாலையில் காஸ்கேட் கிரீக், இரண்டிலும் ஒவ்வோர் இரவு. மின்சாரம் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 162. மீதி ஆறு இரவும் ஹாலிடே பார்க், அதாவது எல்லா வசதியும் உள்ள கட்டண முகாம். அங்கே வண்டிக்கு வாடகை இல்லை, தலைக்கு வாடகை. இது எனக்குத் தெரியாது. இரண்டு பேர் போகும் தம்பதிக்கு 60 டாலரில் முடிவது, நான்கு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் என்றால் சராசரி 115. ஆறு இரவுக்கு 690.

அதற்காக ஹாலிடே பார்க்கைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பெரிய சமையலறை எல்லாம் அங்கேதான். இன்னொன்றும் இருக்கிறது: மின்சார இணைப்பு கொடுத்தால்தான் வண்டியில் பிளக் பாயிண்ட் வேலை செய்யும். இல்லாவிட்டால் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், அடுப்பு கேஸில் எரியும். மிக்ஸி ஓடாது. அம்மா ஒயிட் ஹார்ஸ் ஹில்லில் தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன்டி, இத்தனை பணம் குடுத்து எடுத்த வண்டியில ஒரு சட்னி அரைக்க முடியாதா?” என்று கேட்டார். அதற்கப்புறம் மின்சாரம் இருக்கும் ஊரிலேயே அடுத்த நாளுக்கும் சேர்த்து அரைத்து வைத்தார்.

சாப்பாட்டுக்கு மொத்தம் 620 தான் ஆனது. ஐந்து பேருக்கு, பதினோரு நாளுக்கு. மோட்டார்ஹோமில் நிஜமாகவே மிச்சமான இடம் இது ஒன்றுதான். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கிய அன்றே ஓர் இந்திய மளிகைக் கடையிலும் பாக்’ன்சேவ் என்ற சூப்பர் மார்க்கெட்டிலும் அரிசி, பருப்பு, வெல்லம், காய்கறி என்று வாங்கி நிரப்பிவிட்டோம். சிட்னியிலிருந்து கொண்டுபோகலாமே என்று கேட்டால், விமான நிலையத்துச் சோதனை கடுமை. கறிவேப்பிலை, தேன், பழம் எதுவும் கூடாது. சொல்லாமல் எடுத்துப் போனால் அந்த இடத்திலேயே 400 டாலர். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய் என்று அப்பா சொன்னதும், அம்மா பத்திரமாக மடித்து வைத்திருந்த வேப்பம்பூப் பொட்டலத்தை எடுத்து எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

வேப்பம்பூ எதற்கென்றால், ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அன்று காலை நாங்கள் டெகாப்போ ஏரிக்கரையில் இருந்தோம். முந்தின ராத்திரி வானம் பார்க்கத்தான் அங்கே தங்கியது. 2012-இலிருந்து அந்த வட்டாரம் இருண்ட வானத்துக்கான பாதுகாப்புப் பகுதி. ஆனால் நான் நிலவைக் கணக்கில் எடுக்கவில்லை. பங்குனிப் பௌர்ணமி முடிந்த சூடு, நிலா பகல் மாதிரி அடித்தது, நட்சத்திரம் பாதிகூடத் தெரியவில்லை. தேதி குறிக்கும் முன் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

காலையில் அம்மா மாங்காய்ப் பச்சடி செய்ய உட்கார்ந்தார். மாங்காய் இல்லை. அங்கே கிடைத்த பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித், நல்ல புளிப்பு. அதை நறுக்கி வெல்லம், உப்பு, மிளகாய் சேர்த்துக் கிளறினார். கசப்புக்கு வெந்தயத்தை வறுத்துப் போட்டார். கதவைத் திறந்தால் நீலத்தில் பால் கலந்த மாதிரி ஏரி, தூரத்தில் 1935-இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம், அதற்குப் பின்னால் பனி மலை. வண்டிக்குள் வெல்லப் பாகு வாசனை. அப்பா பஞ்சாங்கம் வாசித்தார், ஃபோனில் பார்த்துத்தான். எந்த மோட்டல் அறையிலும் இது நடந்திருக்காது.

சரி, கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். தண்ணீர் டேங்க் ஐந்து பேர் குளித்தால் ஒரே நாளில் காலி. கழிப்பறைக் கழிவு ஒரு பெட்டியில் சேரும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதை இழுத்து டம்ப் ஸ்டேஷனில் கொட்டிக் கழுவ வேண்டும். பல ஊர்களில் கவுன்சிலே இலவசமாக வைத்திருக்கிறது. இந்த வேலையைக் கணவர் பத்து நாளும் முகம் சுளிக்காமல் செய்தார். “நீங்க போய் இதையெல்லாம் செய்யணுமா மாப்ள?” என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கூடவே போய் நிற்பார். “நீங்க உள்ள இருங்க மாமா, குளிருது” என்பார் இவர். ராத்திரி மேசையை மடக்கி மகனுக்குப் படுக்கை, காலையில் படுக்கையை எடுத்து மேசை. இதற்கே அரை மணி நேரம் போகும்.

புனித வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் எங்கள் பயணத்துக்குள் வந்தன. அந்த இரண்டு நாளும் நாடு முழுக்கப் பெரும்பாலான கடைகள் சட்டப்படியே மூடல். திறந்திருந்த காப்பிக் கடையில் விடுமுறை நாளுக்கென்று 15 சதவீதம் கூடுதல். முந்தின நாளே டெ அனாவில் பால், ரொட்டி, காய்கறி வாங்கி வைத்ததால் தப்பித்தோம்.

மில்ஃபோர்ட் சவுண்டில் படகுக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து 540. பெரிய தொகைதான், ஆனால் அதைக் குறைக்காதீர்கள். முதல் நாள் மழை பெய்திருந்ததால் மலைச்சுவர் முழுக்க அருவி. அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. படகில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்தார். போகும் வழியில் ஹோமர் சுரங்கம், 1954-இல் திறந்தது, மலையைக் குடைந்த 1.2 கிலோமீட்டர். அதன் வாயிலில் காத்திருந்தபோது கீயா என்ற மலைக் கிளி ஒன்று வந்து கண்ணாடி ஓரத்து ரப்பரைப் பிய்க்க ஆரம்பித்தது. மகன் கைகொட்டிச் சிரித்தான். நான் 572 டாலரை நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

கார் எடுத்து மோட்டலில் தங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வந்த பிறகு அதே தேதிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர் கார், காப்பீடு, பெட்ரோல், இரண்டு அறை மோட்டல், பாதி நாள் வெளிச் சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்து 5,800 வருகிறது. வித்தியாசம் நூறு டாலருக்குள். பணம் மிச்சம் பிடிக்க மோட்டார்ஹோம் எடுக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் என்றால் சின்ன வேன் போதும், கணக்கே வேறு. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை, வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை வேண்டும், ஆனால் வெளியே கேட்கக் கூச்சப்படுவார். ஊரில் எங்கள் எல்லாப் பயணத்திலும் அம்மா அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருவார். இந்தப் பத்து நாளும் தாராளமாகத் தண்ணீர் குடித்தார். எனக்கு அந்த 5,874-உம் இதற்கே தகும்.

ஒரு செலவை மட்டும் வேண்டாம் என்று வைத்தோம். வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. உடைந்த வெண்கலக் கப்பல் மணி, முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பலுடைய மணி என்று தமிழில் பொறித்தது. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வட தீவில் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது எப்படி அங்கே போனது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. முப்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை என்பதால், கிளம்பும் முன்பே அப்பா கேட்டார். நாங்கள் சுற்றியது தென் தீவு. வெலிங்டன் இருப்பது வட தீவில், அங்கே போகக் கடல் தாண்ட வேண்டும். வண்டியின் நீளத்துக்கும் ஐந்து பேருக்குமாகக் கப்பல் கட்டணம் போய்வர ஆயிரத்தைத் தாண்டியது, அத்தோடு இரண்டு மூன்று நாள் கூடுதல் வாடகை. சொன்னதும், “வேண்டாம்மா, இருக்கட்டும்” என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

திரும்பும் விமானத்தில் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். டீசல், முகாம், பால், படகு, கடைசி வரியில் ஆர்.யூ.சி 148. அதற்குக் கீழே கோடு போட்டு மொத்தம். மொத்தத்துக்கும் கீழே, தொகை எழுதாமல் ஒரு வரி: வெலிங்டன் மணி, பாக்கி.